கர்தினால்: கதவைத் தாங்கும் குடுமி



2025ம் ஆண்டு ஏப்ரல் 21ம் தேதி, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த நாள், திருத்தந்தை பிரான்சிஸ் இறைவனடி சேர்ந்தார். அதைத் தொடர்ந்த நாள்களில் நம் வீட்டுத் தொலைக்காட்சிகளும் கைப்பேசிகளும் உரோமையைத்தான் காட்டிக்கொண்டிருந்தன. சிவப்பு அங்கி அணிந்த முதியவர்கள் வரிசையாக நடந்து சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் நுழைந்தார்கள். பெரிய கதவு சாத்தப்பட்டது. மே 7ம் தேதி உள்ளே சென்ற 133 கர்தினால்கள், மறுநாள் மாலையே 14ம் லியோ அவர்களைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

கர்தினால் என்பவர் யார்? ஆயரைவிடப் பெரியவரா? அந்தப் பெயருக்கு என்ன பொருள்? நம் பிள்ளைகள் இப்படிக் கேட்டால், நம்மில் பலர் ஓர் ஏணியைக் காட்டி விளக்குவோம். கீழ்ப்படியில் திருத்தொண்டர், அதற்கு மேல் அருள்பணியாளர், அதற்கு மேல் ஆயர், பேராயர், கர்தினால், உச்சியில் திருத்தந்தை என்று வரிசைப்படுத்துவோம். இந்த ஏணி எளிதாக மனதில் பதியும். ஆனால், திருஅவை கற்பிப்பது வேறு.

குருத்துவம் என்ற அருளடையாளத்துக்கு மூன்று நிலைகள் மட்டுமே உண்டு. அவை திருத்தொண்டர், அருள்பணியாளர், ஆயர் என்பவை. கர்தினால் என்பது நான்காவது நிலை அன்று. யாரும் கர்தினாலாகத் திருநிலைப்படுத்தப்படுவதில்லை. திருத்தந்தை ஒருவரை அந்தப் பொறுப்புக்குப் பெயர் சொல்லி அழைக்கிறார், அவ்வளவுதான். 1899ம் ஆண்டு இறந்த கர்தினால் தெயதோல்போ மெர்தெல், வாழ்நாள் முழுவதும் திருத்தொண்டராகவே இருந்தார். கர்தினாலாகிறவர் அருள்பணியாளராகவாவது இருக்க வேண்டும் என்ற சட்டம் 1917ம் ஆண்டுத் திருஅவைச் சட்டத் தொகுப்பில்தான் இடம்பெற்றது. அவர்கள் ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட வேண்டும் என்று 1962ல் பணித்தவர், புனிதத் திருத்தந்தை 23ம் யோவான். இன்றும் சிலர் திருத்தந்தையின் சிறப்பு அனுமதியோடு அருள்பணியாளர்களாகவே இருந்து கர்தினால் பொறுப்பை ஏற்கிறார்கள்.

ஏணி பொருந்தவில்லை என்றால், எந்த உருவம் பொருந்தும்? அந்தச் சொல்லே நமக்கு ஓர் உருவத்தைத் தருகிறது.

கதவின் அடியில் இருப்பது

'கர்தினால்' என்ற சொல் 'கார்தோ' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. கார்தோ என்றால், கதவு சுழல்வதற்கான முளை. இன்றைய வீடுகளில் நிலைச்சட்டத்தில் திருகாணி வைத்து இரும்புக் கீல் பொருத்துகிறோம். பழங்காலத்து உரோமையரின் கனமான கதவுகள் பலவற்றில் அப்படிப்பட்ட கீல் இல்லை. கதவின் ஓரத்தில் மேலும் கீழும் நீண்டிருக்கும் முளைகள், வாசற்படியிலும் மேல்சட்டத்திலும் உள்ள குழிகளில் அமர்ந்து சுழன்றன. நம் ஊர்ப் பழைய வீடுகளின் பெரிய மரக்கதவுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அந்த முளையைத்தான் நாம் கதவுக் குடுமி என்கிறோம்.

குடுமி என்ன செய்கிறது? முழுக் கதவின் பாரமும் அதன்மேல்தான் இறங்குகிறது. ஆனாலும் அது யார் கண்ணிலும் படுவதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கதவின் செதுக்கு வேலையைப் பார்ப்பார்கள், பித்தளைக் குமிழைப் பார்ப்பார்கள். குனிந்து குடுமியைப் பார்ப்பவர் யாருமில்லை. அது தன் குழியை விட்டு நகராது. அது நகராமல் இருப்பதால்தான் கதவு நகர்கிறது. குடுமி தேய்ந்துவிட்டால் கதவு தரையில் உரசும், கிறீச்சிடும், பிறகு திறக்கவே முடியாமல் போகும்.

இந்த உருவத்தைத் திருஅவை வேறு இடத்திலும் பயன்படுத்துகிறது. தன்னடக்கம், விவேகம், நீதி, மனவலிமை என்னும் நான்கு நற்பண்புகளைச் சாலமோனின் ஞானம் நூல், 8ம் பிரிவில் ஒன்றாகச் சொல்கிறது. மிலான் ஆயரான புனித அம்புரோசு இந்த நான்கையும் குறிக்க இதே இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். மற்ற நற்பண்புகள் எல்லாம் இந்த நான்கின்மேல் சுழல்கின்றன என்பது அதன் பொருள். ஆக, குடுமி என்ற சொல்லை நம் முன்னோர் பதவிக்கு மட்டும் வைக்கவில்லை, பண்புக்கும் வைத்தார்கள்.

பொருத்தப்பட்டவர்

இந்தச் சொல் முதலில் எப்படி அருள்பணியாளர்களைக் குறித்தது? கி.பி. 590 முதல் 604 வரை திருஅவையை வழிநடத்திய பெரிய கிரகோரியின் மடல்களில் அதைக் காண்கிறோம். லொம்பார்டு மக்களின் படையெடுப்பால் அப்போது இத்தாலியின் பல ஊர்கள் அழிந்து கிடந்தன. ஆலயத்தை இழந்த ஆயர்கள் சிலர், மக்களை இழந்து நின்றார்கள். வேறு சில ஊர்களிலோ, மக்கள் இருந்தார்கள், ஆயர் இல்லை. திருத்தந்தை கிரகோரி, மந்தையை இழந்த ஆயரை ஆயரில்லாத மந்தையோடு இணைத்தார். அப்படி இணைக்கப்பட்டவரைக் குறிக்க, 'கர்தினாலிஸ்' என்ற சொல்லைக் கையாண்டார். குழியில் குடுமி பொருத்தப்படுவதைப்போல, ஒரு திருஅவையோடு பொருத்தப்பட்டவர் என்பது அதன் பொருள்.

அந்தப் பொருள் இன்றும் அழியவில்லை. ஓர் அருள்பணியாளர் ஒரு மறைமாவட்டத்தையோ துறவு சபையையோ சேர்ந்தவராக இருப்பதைத் திருஅவைச் சட்டம் இதே வேரிலிருந்து வந்த சொல்லால்தான் இன்றும் குறிக்கிறது. எந்த மறைமாவட்டத்தோடும் சபையோடும் இணையாமல், பொறுப்புக் கூற யாருமின்றி அலையும் அருள்பணியாளர் இருக்கக்கூடாது என்கிறது 265ம் சட்டம். ஆகவே, கர்தினால் என்ற சொல்லின் முதல் பொருளைத் தேடினால், 'உயர்ந்தவர்' என்பது அங்கே கிடைப்பதில்லை. 'ஓர் இடத்துக்கும் அதன் மக்களுக்கும் சொந்தமானவர்' என்பதே கிடைக்கிறது.

உரோமைப் பங்குகளின் பணியாளர்கள்

உரோமையில் இந்தச் சொல் எப்படி நிலைபெற்றது? 251ம் ஆண்டளவில் திருத்தந்தை கொர்னேலியு எழுதிய மடல் ஒன்று, அக்காலத்து உரோமைத் திருஅவையின் கணக்கைத் தருகிறது. வரலாற்றாசிரியர் யுசேபியு அதைப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். 46 அருள்பணியாளர்கள், 7 திருத்தொண்டர்கள், இன்னும் பல பணியாளர்கள் அதில் வருகிறார்கள். வாயில் காப்போரையும் மறக்காமல் சேர்த்திருக்கிறார் திருத்தந்தை. இவர்களோடு, திருஅவை பராமரித்துவந்த கைம்பெண்களும் வறியோரும் 1,500 பேருக்கு மேல் இருந்தார்கள். அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்ட மடல் இது!

அந்தத் திருஅவையிலிருந்துதான் பிற்காலத்தில் மூன்று வகைக் கர்தினால்கள் தோன்றினார்கள். நகரின் பழமையான ஆலயங்களின் பொறுப்பில் இருந்த அருள்பணியாளர்கள் ஒரு வகை. நகரின் வட்டாரங்களில் வறியோருக்கு உணவும் உதவியும் வழங்கும் பொறுப்பைச் சுமந்த திருத்தொண்டர்கள் இன்னொரு வகை. உரோமையைச் சுற்றியிருந்த சிறு மறைமாவட்டங்களின் ஆயர்கள் மூன்றாம் வகை. அவர்கள் முறைவைத்து இலாத்தரன் பேராலயத்துக்கு வந்து வழிபாடுகளை நடத்தினார்கள். இன்றும் கர்தினால்கள், கர்தினால் ஆயர்கள், கர்தினால் அருள்பணியாளர்கள், கர்தினால் திருத்தொண்டர்கள் என்று மூன்று வகையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இவர்களில் திருத்தொண்டர் வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 258ம் ஆண்டு உரோமையில் உயிர்நீத்த புனித இலாரன்ஸ் அந்தப் பணியைச் செய்தவர்தான். திருஅவையின் செல்வங்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி அதிகாரி கட்டளையிட்டபோது, நகரின் வறியோரை அழைத்துவந்து நிறுத்தி, இவர்களே எங்கள் செல்வம் என்று அவர் காட்டியதாகப் பழம்பெரும் மரபு சொல்கிறது. இன்று சிவப்பு அங்கியோடு நடக்கும் கர்தினால் திருத்தொண்டர்களின் பெயருக்குப் பின்னால், சோற்றுப் பானையோடும் துணி மூட்டையோடும் சந்துகளில் நடந்த ஒருவரின் வரலாறு இருக்கிறது.

11ம் நூற்றாண்டில் திருத்தந்தை ஒன்பதாம் லியோ, இந்தப் பெயருக்கு ஒரு விளக்கம் தந்தார். திருஅவை என்னும் கதவு சுழல்வதற்கான குடுமி பேதுருவின் தலைமைப்பணி என்றும், அந்தக் குடுமிக்கு நெருக்கமாக இணைந்திருப்பதால் உரோமையின் பணியாளர்கள் கர்தினால்கள் எனப்படுகிறார்கள் என்றும் அவர் எழுதினார். உள்ளூர் ஆலயத்தோடு பொருத்தப்பட்டவர் என்ற பழைய பொருள், உலகத் திருஅவையின் பாரத்தைத் தாங்க உதவுகிறவர் என்று விரிவடைந்தது இந்தக் காலத்தில்தான்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு

தொடக்கத்தில் உரோமையின் ஆயரை அந்நகரின் அருள்பணியாளர்களும் மக்களும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தார்கள். நாளடைவில் அதில் பிரபுக்களின் குடும்பங்களும் பேரரசர்களும் கைவைத்தார்கள். குருத்துவ நிலை எதையும் பெறாத ஒருவரை ஆயுத பலத்தால் பதவியில் அமர்த்தியதும் நடந்தது. அதற்குப் பிறகு கூடிய 769ம் ஆண்டு இலாத்தரன் அவை, உரோமையின் கர்தினால் அருள்பணியாளர்கள், திருத்தொண்டர்கள் ஆகியோரிலிருந்தே திருத்தந்தை தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றது. 1059ல் திருத்தந்தை இரண்டாம் நிக்கோலஸ், தேர்தலில் முதல் பொறுப்பைக் கர்தினால் ஆயர்களிடம் ஒப்படைத்தார். 1179ல் நடந்த மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை என்று சட்டமாக்கியது.

பொறுப்புக் கிடைத்துவிட்டால் போதுமா? 1268ம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை நான்காம் கிளமென்ட் இறந்தபோது, கர்தினால்கள் வித்தெர்போ நகரில் கூடினார்கள். மாதங்கள் ஓடின, ஆண்டுகளும் ஓடின, முடிவு வரவில்லை. பொறுமையிழந்த ஊரார், அவர்களை மாளிகைக்குள்ளேயே வைத்துப் பூட்டினார்கள். உணவைக் குறைத்தார்கள். கடைசியில் கூரையையும் பிரித்தார்கள்! 1271 செப்டம்பர் 1ம் தேதி, இரண்டே முக்கால் ஆண்டுகளுக்குப் பின் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பத்தாம் கிரகோரி. அவர் கர்தினாலும் அல்ல. அப்போது புனித பூமியில் இருந்தார். அவர் 1274ல் கொண்டுவந்த சட்டம், மூன்று நாளுக்குள் தேர்தல் முடியாவிட்டால் வேளைக்கு ஒரே ஒரு பதார்த்தம், அதன்பின் ஐந்து நாள் கழிந்தால் அப்பமும் தண்ணீரும் திராட்சை இரசமும் மட்டுமே என்று வகுத்தது. 'கான்கிளேவ்' என்ற சொல்லுக்கே சாவியிட்டுப் பூட்டிய அறை என்பதுதான் பொருள்.

இந்த வரலாற்றைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், வித்தெர்போ மக்களின் கோபத்தில் ஓர் உண்மை இருந்தது. குடுமி இறுகிப்போனால் வெளியே நிற்பவர்கள்தான் தவிப்பார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் தங்களுக்குள் பிளவுபட்டு முடிவைத் தள்ளிப்போட்டால், அதன் விலையைக் கொடுப்பது எளிய மக்களே.

சிவப்பு நிறமும் உயர்ந்த பட்டமும்

பொறுப்பு வளர்ந்தபோது சின்னங்களும் வளர்ந்தன. 1245ம் ஆண்டு, லியோன் பொதுச்சங்கக் காலத்தில், திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பியை அளித்தார். 1630ல் திருத்தந்தை எட்டாம் உர்பான், 'எமினென்ஸ்' என்ற மரியாதைச் சொல்லை அவர்களுக்கு உரியதாக்கினார். அதன் நேர்ப்பொருள், மேடாக உயர்ந்து நிற்பது. கதவின் அடியில் மறைந்திருந்த குடுமிக்கு, உயர்ந்து நிற்கும் பட்டம்! மனித இயல்பின் சோதனை முழுவதும் இந்த இரு சொற்களுக்கு இடையில் இருக்கிறது.

அந்தச் சோதனையில் பலர் விழுந்தார்கள் என்பதைத் திருஅவை மறைப்பதில்லை. திருத்தந்தையர் சிலர் தங்கள் உடன்பிறந்தார் பிள்ளைகளையே கர்தினால்களாக்கி, அதிகாரத்தையும் வருமானத்தையும் அவர்கள் கையில் கொடுத்த காலம் உண்டு. 1692ல் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட் அந்த வழக்கத்துக்குத் தடை விதித்தார்.

ஆனால், அதே வழியில் வந்த ஒருவர் புனிதரானார் என்பதையும் நினைவுகூர்வோம். சார்லஸ் பொரோமேயோ, தாய்மாமனான திருத்தந்தை நான்காம் பயஸ் அவர்களால், 1560ல் தமது 21ம் வயதில் கர்தினாலாக்கப்பட்டவர். அவர் நினைத்திருந்தால் உரோமையில் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தாம் பேராயராக இருந்த மிலானுக்குச் சென்று மக்களோடு தங்கினார். 1576ல் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, ஆட்சியாளர்களும் செல்வந்தர்களும் ஊரைவிட்டு ஓடினார்கள். கர்தினால் ஓடவில்லை. நோயுற்றோரைத் தேடிச் சென்றார். தம் மாளிகையின் திரைச்சீலைகளைக் கழற்றி ஏழைகளுக்கு உடைகள் தைக்கக் கொடுத்தார். குடுமி தன் குழியை விட்டு நகரவில்லை.

சிவப்பு நிறம், இரத்தம் சிந்தும் அளவுக்கு உறுதியாக நிற்பதற்கு அடையாளம் என்று புதிய கர்தினால்களுக்குத் திருத்தந்தை நினைவூட்டுவது வழக்கம். சிலருக்கு அது அடையாளத்தோடு நிற்கவில்லை. இங்கிலாந்தின் ஆயர் புனித ஜான் பிஷர், இலண்டன் சிறையில் இருந்தபோது, 1535ம் ஆண்டு மே மாதம் கர்தினாலாக அறிவிக்கப்பட்டார். அவருக்கான தொப்பி அவரிடம் வந்து சேரவே இல்லை. ஜூன் 22ம் தேதி, மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆணையால் அவர் தலை வெட்டப்பட்டது.

நம் காலத்துக்கு வருவோம். சீனாவின் ஷாங்காய் ஆயர் இக்னேசியுஸ் குங் 1955ல் கைதாகி, 30 ஆண்டுகள் சிறையில் கழித்தார். 1979ல் புனிதத் திருத்தந்தை 2ம் யோவான் பவுல் அவரைக் கர்தினாலாக்கியபோது, பெயரை வெளியிடாமல் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டார். 1991ல்தான் அது உலகுக்குத் தெரிந்தது. அல்பேனியாவின் அருள்பணியாளர் எர்னெஸ்ட் சிமோனி, 1963ம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலிக்குப் பின் கைதுசெய்யப்பட்டார். 18 ஆண்டுகள் சிறையிலும் சுரங்க வேலையிலும் கழிந்தன. விடுதலைக்குப் பின்னும் கழிவுநீர்ச் சாக்கடை வேலையே அவருக்குக் கொடுக்கப்பட்டது. 2016ல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக்கினார். யாரும் பார்க்காத இடத்தில் நம்பிக்கையின் பாரத்தைச் சுமந்தவருக்கு, குடுமி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

நம் மண்ணின் கர்தினால்கள்

1953ல் மும்பைப் பேராயர் வலேரியன் கிராசியாஸ் இந்தியாவின் முதல் கர்தினாலானார். இலங்கைக்கு முதல் கர்தினால், கொழும்புப் பேராயர் தாமஸ் கூரே, 1965ல் கிடைத்தார். தமிழ் மண்ணின் முதல் கர்தினால், கல்லேரி என்ற சிற்றூரில் 1924ல் பிறந்து, பெங்களூரு பேராயராகவும், பின் வத்திக்கானிலும் பணியாற்றிய சைமன் லூர்துசாமி அவர்கள். 1985ல் அவர் கர்தினாலானார். 2022ல், ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து வந்த முதல் கர்தினாலானார்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் உரோமையில் ஓர் ஆலயம் ஒப்படைக்கப்பட்டது. உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும், கர்தினாலாகிறவருக்கு உரோமை நகரின் அல்லது அதன் சுற்றுப்புறத்தின் ஆலயம் ஒன்று கொடுக்கப்படுவது வழக்கம். இதை வெறும் சடங்கு என்று எண்ணிவிட வேண்டாம். உரோமையின் ஆயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உரோமையின் பணியாளர்களுக்கே உரியது. ஆகவே, கல்லேரியில் பிறந்தவரும் உரோமைத் திருஅவையின் பணியாளராகிறார். எவ்வளவு பெரிய பொறுப்பாக இருந்தாலும், அது ஓர் ஆலயத்தோடும் அங்கே மண்டியிடும் மக்களோடும் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்ற பழைய பாடம் இன்றும் தொடர்கிறது.

2014ம் ஆண்டு ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், புதிதாக அறிவிக்கப்பட்ட கர்தினால்களுக்கு ஒரு மடல் எழுதினார். இது பதவி உயர்வும் அல்ல, பட்டமும் அல்ல, அலங்காரமும் அல்ல, பார்வையையும் இதயத்தையும் விரிவாக்கக் கேட்கும் பணி என்று அதில் நினைவூட்டினார். இந்தப் பொறுப்பை மகிழ்வோடு, ஆனால் எளிமையாக, ஆடம்பர விழாக்கள் இன்றி ஏற்கும்படி கேட்டுக்கொண்டார்.

நம் பங்கில் குடுமிகள் யார்?

அன்பர்களே, திருத்தந்தையின் அந்த மடல் கர்தினால்களுக்கு மட்டுமா? செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் வலப்பக்கமும் இடப்பக்கமும் இருக்கை கேட்டதை மாற்கு நற்செய்தியின் 10ம் பிரிவில் வாசிக்கிறோம். மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வந்தது. ஏன்? அவர்களும் அதையேதான் விரும்பினார்கள் போலும்! இயேசு அவர்களை அருகில் அழைத்து, முதன்மையானவராக இருக்க விரும்புகிறவர் அனைவருக்கும் பணியாளராக இருக்கட்டும் என்றார்.

நம் பங்குத் திருவிழா அழைப்பிதழில் பெயர் விடுபட்டதால் பேச்சை நிறுத்திக்கொண்ட உறவுகள் நம்மிடம் இல்லையா? மேடையில் சால்வை யாருக்கு முதலில் என்ற தகராறு நடந்ததில்லையா? பங்குப்பேரவை, அன்பியம், பாடற்குழு, பக்த சபை என்று நாம் ஏற்கும் ஒவ்வொரு பொறுப்பும் ஒரு சிறிய குடுமிதான். அதை மேடாக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி நிற்க ஆசைப்படும்போது, கதவு உரசத் தொடங்குகிறது.

நீதிமொழிகள் நூல், 26ம் பிரிவில், கீலில் ஆடும் கதவையும் படுக்கையில் புரளும் சோம்பேறியையும் ஒப்பிடுகிறது. அசைவு உண்டு, போய்ச் சேர்ந்த இடம் இல்லை. கூட்டம் போடுவதோடும் தீர்மானம் எழுதுவதோடும் நம் பொறுப்பு முடிந்துவிட்டால், அந்த ஒப்புமை நமக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒன்றை நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்வோம். குடுமி எதற்காக இருக்கிறது? கதவு திறப்பதற்காக. நம் ஆலயக் கதவு யாருக்குத் திறக்கிறது? சாதி பார்த்துத் தேர்வடம் பிடிக்கவும், சாதி பார்த்துக் கல்லறையில் இடம் ஒதுக்கவும் துணிகிற ஊர்கள் நம் நடுவே இருந்தால், அங்கே எத்தனை கர்தினால்கள் பிறந்து என்ன பயன்? அந்தோணி பூலா அவர்கள் உரோமையில் சிவப்புத் தொப்பி ஏற்றபோது கைதட்டிய நாம், அதே சமூகத்து அண்ணனை, அக்காவை நம் பங்குப்பேரவையில் அருகில் அமர்த்திக்கொண்டோமா? தானே வாயில் என்று சொன்ன ஆண்டவர், தம் வழியாக வரும் எவரையும் தடுத்ததில்லை. அவரது கதவைத் தாங்க அழைக்கப்பட்ட நாம் அதை அடைத்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய முரண்!

நம் பங்கில் பெயர் தெரியாத குடுமிகள் பலர் இருக்கிறார்கள். விடியற்காலையில் ஆலயத்தைத் திறந்து மணியடிக்கும் உபதேசியார், திருப்பலிக்கு முன்பே வந்து பெருக்கித் துடைக்கும் அம்மா, படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு நற்கருணை கொண்டுசெல்லும் அருள்சகோதரி, சம்பளம் இல்லாமல் ஞாயிறுதோறும் மறைக்கல்வி சொல்லித்தரும் இளைஞர். இவர்களுக்குச் சிவப்பு அங்கி இல்லை. ஆனாலும், இவர்கள்மேல்தான் நம் கதவு சுழல்கிறது. இந்த வாரம் இவர்களில் ஒருவரையாவது சந்தித்து நன்றி சொல்வோம். முடிந்தால் அவர்கள் சுமையில் ஒரு பங்கையும் ஏற்றுக்கொள்வோம்.

மன்றாடுவோம். எங்கள் வாயிலாகிய ஆண்டவர் இயேசுவே, திருத்தந்தைக்கும், அவரோடு திருஅவையின் பாரத்தைத் தாங்கும் கர்தினால்கள், ஆயர்கள், அருள்பணியாளர்கள் அனைவருக்கும் மனவலிமையும் தாழ்ச்சியும் தாரும். நாங்கள் ஏற்றிருக்கும் சிறிய பொறுப்புகளில், மற்றவர்களுக்கு வழி திறப்பவர்களாக எங்களை மாற்றும். உம் இல்லத்தின் வாசலில் இனியும் யாரும் காத்து நிற்காதபடி, எங்கள் உள்ளத்தின் கதவுகளை அகலத் திறந்தருளும். ஆமென்.